மொஹினின் குதிரைகள்: ஒரு நாட்டுப்புற ராக் குழு சேர்ந்ததும் கலைந்ததும்

பாப் டிலனின் 'ஜான் வெஸ்லி ஹார்டிங்' இசைத்தட்டின் அட்டையை இணையத்தில் தேடி ஒருமுறை உற்றுப் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படம். நடுவில் தொப்பி போட்ட டிலன். அவருக்குப் பின்னால் உள்ளூர்த் தச்சர் ஒருவர். இரண்டு பக்கமும் நிற்கிறவர்களைப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் திகைப்பாக இருக்கும். நம்ம ஊர் முகங்கள்! லக்ஷ்மண் தாஸ், பூர்ண தாஸ் என்ற இரண்டு வங்காளிகள். பாவுல் பாடகர்கள். டிலனின் மேனேஜர் ஆல்பர்ட் கிராஸ்மன் அவர்களை அமெரிக்காவுக்கு வரவழைத்து உட்ஸ்டாக்கில் தங்கவைத்திருந்தார். படம் எடுத்த அன்று அவர்களும் அங்கே இருந்தார்கள், அட்டையில் ஏறிவிட்டார்கள்.

அந்தத் தட்டு 1967 டிசம்பர் கடைசியில் வெளிவந்தது. பதிவானது நாஷ்வில்லில், அதாவது அமெரிக்கக் கிராமியப் பாட்டின் தலைநகரில். கன்ட்ரி ராக் என்ற வகை பிறந்த கதையை எழுதுகிற எல்லாரும் இந்தத் தட்டை ஒரு முக்கியமான படியாகச் சொல்வார்கள். அதன் அட்டையில் பாவுல்கள் நின்றது முழுக்கத் தற்செயல். ஆனால் பத்து வருஷம் கழித்து, கல்கத்தாவில் ஏழு பேர் சேர்ந்து, பாவுல் பாட்டையும் கிட்டாரையும் ஒன்றாகப் போட்டு ஒரு தட்டு கொண்டுவந்தார்கள். குழுவின் பெயர் 'மொஹினேர் கோராகுலி'. மொஹினின் குதிரைகள் என்று அர்த்தம்.

இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. கூடவே சென்னையைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. தமிழில் ஏன் இப்படி ஒரு குழு வரவில்லை என்ற கேள்வி எனக்கு ரொம்ப நாளாக இருக்கிறது. மொஹினேர் கோராகுலியின் கதையைப் படித்தபோது அதற்குப் பாதிப் பதிலாவது கிடைத்த மாதிரி இருந்தது.

முதலில் கன்ட்ரி ராக் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

அமெரிக்காவில் 'கன்ட்ரி' என்பது தெற்குப் பகுதி வெள்ளைக்காரக் கிராமத்து ஜனங்களின் பாட்டு. பண்ணை, லாரி ஓட்டுகிறவன், குடி, கோயில், ஓடிப்போன மனைவி. 60-களில் இதைக் கேட்டவர்கள் பெரும்பாலும் பழமைவாதிகள், வியட்நாம் போரை ஆதரித்தவர்கள். ராக் கேட்டவர்கள் நீளமாக முடி வளர்த்த நகரத்துப் பசங்க, போரை எதிர்த்தவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒருத்தரை ஒருத்தர் ஆகாது. இந்த இரண்டையும் ஒரே மேடையில் ஏற்றுவது அன்றைக்கு இசைப் பரிசோதனை என்பதோடு நிற்கவில்லை, ஒரு சமூகக் கலாட்டாவாகவும் இருந்தது.

அதைச் செய்தவர்களில் முக்கியமானவர் கிராம் பார்சன்ஸ். 1968 தொடக்கத்தில் 'தி பர்ட்ஸ்' குழுவில் சேர்ந்தார். ஏற்கெனவே பேர் வாங்கிய குழு அது. வந்து சேர்ந்த சில வாரங்களிலேயே மொத்தக் குழுவையும் நாஷ்வில்லுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மார்ச்சில் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' மேடையில் அவர்கள் ஏறியபோது கூட்டம் கேலி செய்தது. நம்ம ஊர் சபாவில் மார்கழிக் கச்சேரிக்கு நடுவே டிரம்ஸ் செட்டோடு போய் நின்றால் எப்படி இருக்கும்? அப்படி. ஆகஸ்ட்டில் 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ' வெளிவந்தது. அமெரிக்கப் பட்டியலில் 77-வது இடத்துக்கு மேல் போகவில்லை. அதற்குள் பார்சன்ஸே குழுவில் இல்லை. நிறவெறி ஆட்சி நடந்த தென் ஆப்பிரிக்காவுக்குப் பாடப் போக மாட்டேன் என்று சொல்லி ஜூலையில் விலகிவிட்டார்.

அப்புறம் பர்ட்ஸிலிருந்து கிறிஸ் ஹில்மனும் வந்து சேர, 'ஃப்ளையிங் பரிட்டோ பிரதர்ஸ்' என்ற குழு உருவானது. அதில் ஸ்னீக்கி பீட் கிளைனோ என்ற பெடல் ஸ்டீல் கிட்டார்க்காரர் இருந்தார். பெடல் ஸ்டீல் என்பது மேஜை மாதிரிப் படுக்க வைத்த கிட்டார். காலால் மிதித்தும் முழங்காலால் தள்ளியும் தந்தியின் சுருதியை மாற்றலாம், அதனால் ஸ்வரம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும். வீணையில் தந்தியை இழுத்து வாசிப்பதைக் கேட்டுப் பழகிய நம் காதுக்கு அது உடனே பிடித்துவிடும் என்பது என் அனுபவம். 1969 பிப்ரவரியில் இவர்களுடைய முதல் தட்டு 'தி கில்டட் பேலஸ் ஆஃப் சின்' வந்து 164-வது இடத்தைத் தொட்டது, அவ்வளவுதான். 1970-ல் பார்சன்ஸைக் குழுவே வெளியே அனுப்பியது. ஒத்திகைக்கு ஒழுங்காக வராதது, போதை, எல்லாம். பூர்வீகச் சொத்திலிருந்து பணம் வந்துகொண்டிருந்தது என்பதால் பாட்டில் சம்பாதித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் அவருக்கு இல்லை. 1973 செப்டம்பரில் இறந்தபோது வயது 26.

அதே பரிட்டோ பிரதர்ஸில் கொஞ்ச காலம் இருந்த பெர்னி லீடன் 1971-ல் 'ஈகிள்ஸ்' குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1976-ல் வந்த ஈகிள்ஸின் தொகுப்புத் தட்டு அமெரிக்காவில் மிக அதிகம் விற்ற தட்டுகளில் ஒன்று. உழுதவன் ஒருத்தன், அறுத்தவன் இன்னொருத்தன்.

இனி கல்கத்தா.

60-களின் இந்தியாவில் ராக் குழுக்கள் இல்லாமல் இல்லை. சிகரெட் கம்பெனி ஒன்று 'சிம்லா பீட்' என்று ஒரு போட்டியே நடத்தியது. 1970-லும் 1971-லும் அதில் வாசித்த குழுக்களின் பாட்டுகள் தட்டாகவும் வந்தன. ஆனால் எல்லாம் ஆங்கிலம். பாதிக்கு மேல் வெள்ளைக்காரக் குழுக்களின் பாட்டை அச்சு அசலாக வாசிப்பது. கல்கத்தாவில் இதற்கென்றே பார்க் ஸ்ட்ரீட் இருந்தது. டிரிங்காஸ், மூலாங் ரூஜ் மாதிரி ஓட்டல்களில் தினமும் சாயந்திரம் ஆங்கிலோ இந்தியர்கள் வாசிப்பார்கள். நம்ம பக்கம் பரங்கிமலை, பல்லாவரம், பெரம்பூர் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு பேண்டு வாசித்தவர்களைத் தெரிந்தவர்களுக்கு அந்தச் சூழல் பிடிபடும்.

அங்கே கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த ஒரு வங்காளிப் பையன் கௌதம் சட்டோபாத்யாய். பிரசிடென்சி கல்லூரியில் உடலியல் படித்தவர். சாயந்திரம் பார்க் ஸ்ட்ரீட்டில் மேல்நாட்டுப் பாட்டு. ஆனால் 1967-ல் நக்சல்பாரி வெடித்த பிறகு கல்கத்தாவின் நல்ல கல்லூரிகளில் படித்த பசங்களில் நிறையப் பேர் எங்கே போனார்களோ அங்கேயே இவரும் போனார். பிடிபட்டார். சிறை. வங்காளத்தில் இருக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு விட்டார்கள். ஜபல்பூர், போபால் என்று மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாகக் கொஞ்ச காலம் அலைந்தார். 70-களின் நடுவில் கல்கத்தாவுக்குத் திரும்பினார்.

திரும்பி வந்தவர் வாசிக்க விரும்பியது பழைய பார்க் ஸ்ட்ரீட் பாட்டை இல்லை. இடைப்பட்ட காலத்தில் அவருக்குப் பாவுல்களோடு பழக்கம் ஏற்பட்டிருந்தது. பாவுல்கள் யார் என்று தமிழில் சொல்வது சுலபம்: நம்ம சித்தர்களை நினைத்துக்கொள்ளுங்கள். சாதி கிடையாது, சாஸ்திரம் கிடையாது, இந்து முஸ்லிம் என்ற கோடும் பெரிதாகக் கிடையாது. கடவுள் உடம்புக்குள்ளேயே இருக்கிறான், கோயிலில் என்ன தேடுகிறாய் என்று கேட்கிற கூட்டம். மேலுக்குக் குடியானவன் பாட்டு மாதிரி இருக்கும், உள்ளே வேறு கணக்கு ஓடும். ஒரே தந்தி உள்ள ஏக்தாராவை ஒரு கையில் மீட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். 1890-ல் இறந்த லாலன் ஃபகீர் இவர்களில் பெரிய பெயர்.

கௌதமுக்குத் தெற்குக் கல்கத்தாவில் நாக்தலாவில் வீடு. குழு கூடியது அங்கேதான். தம்பிகள் பிரதீப், பிஸ்வநாத் இரண்டு பேர். உறவில் ரஞ்சன் கோஷால். நண்பர்கள் தபஸ் தாஸ் (எல்லாரும் பாபி என்று கூப்பிடுவார்கள்), தபேஷ் பந்தோபாத்யாய், ஆபிரகாம் மஜும்தார். மொத்தம் ஏழு பேர். ஏழு பேர் என்பதால் முதலில் 'சப்தரிஷி' என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் 'தீரந்தாஜ்', அதாவது வில்லாளி. நடுவில் 'கௌதம் சட்டோபாத்யாய் பி.எஸ்சி. மற்றும் குழுவினர்' என்றுகூட ஒரு பெயர் இருந்தது. பழைய நாடக கம்பெனி நோட்டீசைக் கிண்டல் செய்கிற மாதிரி. பெயருக்குப் பின்னால் பி.ஈ. போட்டுக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஊரில் இருந்துகொண்டு இதைப் படித்துச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

கடைசியில் ரஞ்சன் சொன்ன பெயர் நிலைத்தது. ஜீபனானந்த தாஸின் 'கோடா' என்ற கவிதையில் நிலவொளியில் புல் மேய்கிற குதிரைகள் வருகின்றன, மொஹினின் குதிரைகள். யார் இந்த மொஹின் என்று கவிதை சொல்வதில்லை. ஜீபனானந்தர் 1954-ல் கல்கத்தாவில் டிராம் மோதி இறந்தவர். உயிரோடு இருந்தபோது பெரிய புகழ் இல்லை, செத்த பிறகு வங்காளமே கொண்டாடியது. குழுவுக்குப் பெயர் தேடியவர்கள் ராசி பார்த்திருந்தால் வேறு கவிஞரிடம் போயிருப்பார்கள்.

கௌதமுக்கு கிட்டாரோடு சாக்ஸபோனும் வரும். ஆபிரகாம் பியானோவும் வயலினும். பிரதீப் புல்லாங்குழலும் பேஸும். பிஸ்வநாத் டிரம்ஸ், பேஸ் இரண்டும். பாபியும் தபேஷும் பாடினார்கள், கிட்டார் வாசித்தார்கள். ரஞ்சன் பாடியதோடு மேடை, விளம்பரம், அட்டை விவகாரங்களையும் பார்த்துக்கொண்டார். இவர்கள் தங்கள் பாட்டுக்கு வைத்துக்கொண்ட பெயர் பாவுல் ஜாஸ். இது வெறும் ஒட்டு வேலை என்று கேட்காமலே சொல்லிவிடலாம். கேட்டால் அப்படித் தோன்றாது. பாவுல் மெட்டில் ஒரு வழக்கம் உண்டு: குரல் திடீரென்று மேலே ஏறி, அங்கேயே ஒரு ஏக்கத்தோடு நின்று, மெதுவாக இறங்கும். இவர்கள் அந்த ஏற்ற இறக்கத்தை எடுத்துக்கொண்டு, வரிகளில் கிராமத்தை வைக்காமல் கல்கத்தாவை வைத்தார்கள். ஏக்கம் கிராமத்துக் குரலில், விஷயம் நகரத்துடையது. பார்சன்ஸ் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

1977-ல் முதல் தட்டு. பெயர் 'சம்பிக்ன பாகிகுல் ஓ கொல்கத்தா பிஷயக்'. தமிழில் சொன்னால் 'பதற்றமடைந்த பறவைக் கூட்டம் மற்றும் கல்கத்தா தொடர்பாக'. தாலுகா ஆபீசுக்கு மனு எழுதும்போது 'பொருள்' என்று ஒரு வரி போடுவோமே, அந்தத் தொனி. நெருக்கடி நிலை முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தது, அந்த ஜூனில்தான் இடதுசாரிகள் வங்காளத்தில் ஆட்சிக்கு வந்திருந்தார்கள். பறவைகள் பதறியதற்கு நகரத்தில் போதுமான காரணங்கள் இருந்தன. 1978-ல் இரண்டாவது தட்டு, 'அறியப்படாத பறக்கும் பொருள்' என்று பெயர். பறக்கும் தட்டுக்கு ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சுருக்கம் இருக்கிறதே, அதை வங்காளியில் 'அ-உ-ப' என்று ஆக்கித் தலைப்பிலேயே போட்டார்கள். 1979-ல் மூன்றாவது, 'கண்ணுக்குத் தெரியும் மொஹினேர் கோராகுலி'. மூன்றுமே சின்னத் தட்டுகள். பாட்டுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

'ஹாய் பாலோபாஷி' என்ற பாட்டைக் கேட்டுப் பாருங்கள். தனக்குப் பிடித்ததையெல்லாம் ஒருத்தன் அடுக்கிக்கொண்டே போகிறான். பிக்காசோவும் பீட்டில்ஸும் டிலனும் பீத்தோவனும் வருகிறார்கள், ரவிசங்கரும் அலி அக்பரும் வருகிறார்கள், கச்சேரி கேட்டுவிட்டு விடியற்காலைப் பனியில் வீடு திரும்புவதும் வருகிறது. ஆனாலும் எதுவோ சரியில்லை என்ற கனம் பாட்டின் அடியில் இருந்துகொண்டே இருக்கிறது. சிறைக்குப் போய் வந்த ஒருத்தன் நடத்திய குழுவின் பாட்டு என்று தெரிந்துகொண்டு கேட்டால் அந்தக் கனம் இன்னும் கூடுகிறது.

ஜனங்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? பெரும்பாலும் எடுத்துக்கொள்ளவே இல்லை. இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். தமிழ்நாட்டோடு ஒப்பிட்டால் வங்காளத்தில் சினிமாவுக்கு வெளியே பாட்டுக்கு ஒரு சந்தை இருந்தது. 'ஆதுனிக் கான்' என்று ஒரு வகை, ஒவ்வொரு துர்கா பூஜைக்கும் புதுத் தட்டுகள் வரும், ஹேமந்த முகர்ஜியும் மன்னா டேயும் சினிமாவில் இல்லாத பாட்டைப் பாடினாலும் லட்சம் பேர் கேட்பார்கள். ரவீந்திர சங்கீதம் தனி. அதனால் ஒரு குழு சினிமா இல்லாமல் பாடலாம் என்று நினைப்பதற்காவது அங்கே இடம் இருந்தது. ஆனால் அந்தச் சந்தைக்கென்று ஒரு ருசி உண்டு. வெள்ளை வேட்டி, ஹார்மோனியம், மெருகேற்றிய குரல், காதல் அல்லது மழை. டிரம்ஸும் சாக்ஸபோனும் வைத்துக்கொண்டு நகரத்துப் புலம்பலைப் பாடுகிறவர்களுக்கு அந்தத் தட்டு வரிசையில் இடம் இல்லை.

இன்னொரு காரணம் தொழில்நுட்பம். எனக்கு இதில்தான் ஆர்வம் அதிகம். 1977-ல் பாட்டு மக்களிடம் போக இருந்த வழிகள் என்னென்ன? வானொலி, அது அரசாங்கத்துடையது. தட்டு, அதில் கிராமஃபோன் கம்பெனி கிட்டத்தட்ட தனிக்காட்டு ராஜா, தொழிற்சாலை கல்கத்தாவிலேயே டம்டம்மில் இருந்தது. தட்டு அடிக்க அச்சு செய்யணும், அச்சு செய்தால் ஆயிரக்கணக்கில் விற்கணும். நாற்பது பேர் மட்டும் கேட்கிற பாட்டைத் தட்டாக அடித்தால் நஷ்டம் நிச்சயம். கேட்பவனிடமும் ரெக்கார்டு பிளேயர் இருக்கணும். மீதி வழி மேடை. 1978-ல் ஸ்டார் தியேட்டரிலும் 1979-ல் ரவீந்திர சதனிலும் வாசித்தார்கள், 1980-ல் கல்கத்தா ஜாஸ் விழாவில் வாசித்தார்கள். ஆனால் மேடையை மட்டும் வைத்து ஏழு பேர் சாப்பிட முடியாது. அந்தக் காலக் கல்கத்தாவின் மின்வெட்டு வேறு பிரசித்தம், மின்சார கிட்டாரை வைத்துக்கொண்டு பிழைக்க அதைவிட மோசமான ஊர் இல்லை.

1981-ல் குழு கலைந்தது. பார்சன்ஸ் கதை மாதிரி போதையோ சண்டையோ கோர்ட்டோ எதுவும் இல்லை. வயது முப்பதைத் தொட்டது, அல்லது தாண்டியது. வேலை வந்தது, ஊர் மாறினார்கள். ரஞ்சன் பின்னாளில் பெங்களூரில் விளம்பரத் துறையிலும் நாடகத்திலும் இருந்தார். பிஸ்வநாத் அமெரிக்கா போனார். ஆபிரகாம் கல்கத்தாவிலேயே மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்தார். கௌதம் சினிமா பக்கம் போய் 1983-ல் 'நாகமதி' என்ற படத்தை எடுத்தார், அதற்குத் தேசிய விருது கிடைத்தது. சென்னைப் புறநகரில் நாற்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் கல்லூரியில் ஒரு மியூசிக் குரூப் இருந்தது என்பார்கள். அதுவும் இப்படித்தான் கலைந்திருக்கும்.

இதே வருஷங்களில் சென்னையில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒற்றுமை ஆச்சரியமாக இருக்கிறது. பண்ணைப்புரத்திலிருந்து ஒரு அண்ணன் தம்பிக் குழு. மூத்தவர் பாவலர் வரதராஜன், கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். தம்பிகள் பாஸ்கர், ராசய்யா, அமர். அரசியல் பாட்டு, கிராமத்து மெட்டு, ஹார்மோனியம், அப்புறம் கிட்டார். அந்த ராசய்யா 60-களின் கடைசியில் சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றுக்கொண்டு, ஸ்டூடியோக்களில் கிட்டார் வாசித்தார். யாருக்கெல்லாம் வாசித்தார் என்று பார்த்தால் சலில் சௌத்ரி பெயர் வருகிறது. வங்காளத்து இடதுசாரி நாடக, பாட்டு இயக்கத்திலிருந்து வந்து, நம்ம பக்கம் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர். 1976 மேயில் 'அன்னக்கிளி' வந்தது. அதைப் பார்க்கப் பாவலர் உயிரோடு இல்லை. மொஹினேர் கோராகுலியின் முதல் தட்டுக்கு ஒரு வருஷம் முன்னால்.

நாட்டுப்புற மெட்டு, மேற்கத்திய வாத்தியம், இடதுசாரிப் பின்னணி, அண்ணன் தம்பிகள். சாமான்கள் எல்லாம் ஒன்றே. சமைத்த பாத்திரம்தான் வேறு. இங்கே அது சினிமாவுக்குள் நடந்தது. அதனால் டம்டம் அச்சு, விநியோகம், கேட்பவர்கள் என்று எந்தப் பிரச்சினையும் இல்லை, படம் எங்கெல்லாம் போனதோ பாட்டும் போனது. டென்ட் கொட்டாய் வரைக்கும் போனது, டீக்கடை ரேடியோவில் தினமும் வந்தது. வெற்றியில் இரண்டையும் ஒப்பிடவே முடியாது.

ஆனால் ஒன்று நடக்காமல் போனது. இளையராஜாவின் பாட்டுகளில் வாசித்த சதானந்தம், விஜி மேனுவல், புருஷோத்தமன், சசிதரன் போன்றவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ், பேஸ். இது ஒரு ராக் குழு இல்லாமல் வேறென்ன? வருஷக்கணக்காகச் சேர்ந்தே வாசித்த, இந்தியாவின் தலைசிறந்த குழுக்களில் ஒன்று என்றே நான் சொல்வேன். ஆனால் அதற்குப் பெயர் கிடையாது, அட்டையில் போட்டோ கிடையாது, தட்டில் அவர்கள் பெயரே பெரும்பாலும் கிடையாது. மேடையிலோ நமக்கு மெல்லிசைக் குழுக்கள் இருந்தன. ஏ.வி.ரமணனின் மியூசியானோ மாதிரி அருமையான குழுக்கள். அவர்கள் வாசித்தது சினிமாப் பாட்டு. ஒரு பாட்டைச் சொந்தமாக எழுதி, படத்தில் வராமலே, நாலு பேர் சேர்ந்து நின்று எங்கள் பாட்டு என்று பாடுவதற்கு இடம் இருக்கவில்லை. சினிமாவில் கதாநாயகனுக்குச் சோகம் வந்தால்தான் சோகப் பாட்டு. நாக்தலாவில் ஒருத்தன் தன் சோகத்தைத் தானே பாடினான், நாற்பது பேர் கேட்டார்கள். எது பெரிது என்று நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை, ராஜா பாட்டு இல்லாமல் வளர்ந்த தாம்பரத்துக்காரன் யாரும் சொல்ல மாட்டான். ஆனால் இரண்டாவது வகைக்குக் கொஞ்சமாவது இடம் இருந்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

கல்கத்தாக் கதை 1981-ல் முடியவில்லை. காரணம் கேசட். 80-களில் பாட்டைப் பிரதி எடுக்க தொழிற்சாலை தேவைப்படவில்லை, இரண்டு டெக் இருந்தால் போதும். பேப்பரில் பாட்டு வரிசை எழுதி, காலி டி.டி.கே. கேசட்டோடு தெருமுனை ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து வாங்கப் போனது ஞாபகம் இருக்கா? நாற்பது பேர் கேட்கிற பாட்டும் இப்போது பிழைக்கலாம். குழு கலைந்த நேரம்தான் கேசட் பரவத் தொடங்கிய நேரம். ஐந்து வருஷம் பொறுத்திருந்தால் என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் ஐந்து வருஷம் யார் சோறு போடுவது?

1995-ல் கொல்கத்தா புத்தகக் கண்காட்சியில் 'ஆபார் பொசோர் குடி போரே' என்ற தொகுப்பை கௌதம் கொண்டுவந்தார். 'மறுபடியும் இருபது வருஷம் கழித்து' என்று அர்த்தம், தலைப்பு இதுவும் ஜீபனானந்தர் தயவு. இசைக்கடையில் கிடைக்காத வாசகனைப் புத்தகக் கண்காட்சியில் தேடியது கெட்டிக்காரத்தனம். அதைவிடப் பெரிய கெட்டிக்காரத்தனம், பழைய குழுவை மறுபடி கூட்ட அவர் முயலவில்லை. தன்னைப் பாடகர் என்று போட்டுக்கொள்ளாமல் தொகுப்பாசிரியர் என்று போட்டுக்கொண்டார், சிற்றிதழ் ஆசிரியர் மாதிரி. பழைய பாட்டையும் புதுப் பாட்டையும் இளைஞர்களிடம் கொடுத்துப் பாட வைத்தார். அடுத்தடுத்து இன்னும் மூன்று தொகுப்புகள் வந்தன. கேக்டஸ், ஃபாசில்ஸ், பூமி, சந்திரபிந்து என்று வங்காளி 'பேண்டு' என்ற ஒரு இனமே 90-களில் தழைத்தபோது எல்லாரும் கைகாட்டியது இந்தப் பழைய குதிரைகளைத்தான்.

கௌதம் 1999 ஜூனில் மாரடைப்பில் இறந்தார். அப்போது அசாமின் கார்பி மலைப் பகுதி மக்களை வைத்து, அவர்கள் மொழியில் ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார். 1995 தொகுப்பில் 'பிருதிபிடா நாகி' என்று ஒரு பாட்டு உண்டு, சாட்டிலைட்டும் கேபிளும் வந்து உலகம் சுருங்கி வரவேற்பறைப் பெட்டிக்குள் அடங்கிவிட்டதைப் பற்றியது. 2006-ல் அந்த மெட்டு 'கேங்ஸ்டர்' என்ற இந்திப் படத்தில் 'பீகி பீகி' என்று வந்தது, பங்களாதேஷ் ராக் பாடகர் ஜேம்ஸ் குரலில். டி.வி. பெட்டியைத் திட்டிய மெட்டு மழைக்காலக் காதல் பாட்டாகி அதே பெட்டியில் நாள் முழுக்க ஓடியது. மூன்று தட்டிலும் சேர்த்துக் கிடைக்காத கூட்டம் அதற்குக் கிடைத்தது. சினிமா வழியாக.

ரஞ்சன் 2020-ல் போனார், பாபி 2023 ஜூனில். பாபியின் புற்றுநோய் சிகிச்சைக்காக அந்த வருஷத் தொடக்கத்தில் பாட்டுக்காரர்களும் ரசிகர்களும் பணம் சேர்த்தார்கள். அவர்களில் நிறையப் பேர் குழு கலைந்த பிறகு பிறந்தவர்கள்.

கேட்க நினைப்பவர்கள் 'ஹாய் பாலோபாஷி'யில் தொடங்குங்கள். பழைய தட்டின் கரகரப்போடு இருக்கிற பதிவு கிடைத்தால் அதையே கேளுங்கள், பின்னால் மெருகேற்றிப் பாடியவை அவ்வளவாக ஒட்டவில்லை. வங்காளி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்து பரிட்டோ பிரதர்ஸின் முதல் தட்டு, அப்புறம் 'அன்னக்கிளி'. இந்த வரிசையில் ஒரே ராத்திரியில் கேட்டால் நான் இவ்வளவு நீளமாகச் சொன்னது தேவையே இருந்திருக்காது.